ஜுஜுவாடிக்கு இந்தப் பக்கம்

குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது பேட்டரி. அதன் பக்கத்தில் சின்னதாக ஓர் உலோகக் குப்பி. குப்பிக்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது ஒன்று. நொடிக்கு ஒரு துடிப்பு. முள் ஒரு கோடு நகரும். இந்தப் பதினைந்து வகுத்தலையும் ஒரு சிப் செய்கிறது. ஓசூருக்கு சிப் வந்ததை இன்று பலரும் செல்போன் ஆலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது 1980களிலேயே டைட்டன் கடிகாரத்துக்குள் உட்கார்ந்து வந்துவிட்டது.

அப்போதும் சிப் என்பது நாடுகளுக்கு இடையிலான போட்டிதான். 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. சுவிட்சர்லாந்தின் நொய்ஷாடெல் ஆய்வுக்கூடத்தில் 1967இலேயே ஒரு குவார்ட்ஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அறிவு அவர்களிடம் இருந்தது. ஆலைத் தளத்துக்கு அது இறங்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், கடிகாரத் தொழிலில் இருந்த சுமார் 90,000 சுவிஸ் வேலைகளில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது. நம் பக்கத்தில் பெங்களூர் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசனோடு 1961இல் கைகோத்து நாட்டின் மணிக்கட்டையெல்லாம் பிடித்திருந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்தை விட்டு முழுதாக நகர அதற்கு மனம் வரவில்லை. 2016இல் மத்திய அமைச்சரவை அதன் கடிகாரப் பிரிவை மூட ஒப்புதல் தந்தது.

டைட்டன் குவார்ட்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. டிட்கோ இன்றும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. நிலத்தையும் மின்சாரத்தையும் கொடுத்துவிட்டு அரசு விலகிவிடவில்லை; பங்குதாரராக உள்ளே உட்கார்ந்தது. இதை இன்று யாரும் நினைவுபடுத்துவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெல் நிறுவனத்தில் ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டபோது உலகமே வியந்தது. தமிழ்நாடு அதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிகாரக் கம்பெனியில் செய்துவிட்டது.

அன்றைய ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். தர்மபுரி என்றால் வறட்சி, அதிகாரிகளுக்குத் தண்டனை மாற்றல், பெண் சிசுக்கொலைச் செய்திகள் என்று பேசப்பட்ட காலம். அந்த மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் படித்து முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வந்து கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் வீடு பிடித்து, பார்த்துக்கொள்ளப் பெரியவர்களை அமர்த்தி அவர்களைத் தங்கவைத்தார்கள். கேழ்வரகுக் காட்டிலிருந்து வந்த பிள்ளை, மயிரிழை போல மெல்லிய அச்சைச் சாமணத்தால் எடுத்து அதன் குழியில் உட்கார வைத்தது. அந்தத் தளத்தில் பழகிய அறிவிலிருந்துதான் 2002இல் டைட்டன் எட்ஜ் வந்தது. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் கனம் வெறும் 1.15 மில்லிமீட்டர், முழுக் கடிகாரமும் 3.5 மில்லிமீட்டர். வரைந்ததும் ஓசூர், செய்ததும் ஓசூர். அந்த இரண்டு வினைச்சொற்களும் ஒரே ஊரின் பெயரோடு சேர்ந்து வருவது எவ்வளவு அபூர்வம் என்பது, இந்த ஊரின் சாலையைப் பார்த்தால் புரியும்.

டைட்டனுக்கு ஆலை எழும்பிக்கொண்டிருந்த அதே சமயத்தில், 1985இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் சிப் வடிவமைப்பு மையம் தொடங்கியது. அதன் பின்னால் இன்டெல், குவால்காம், என்விடியா என்று பெரிய பெயர்கள் எல்லாம் வந்தன. உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெங்களூர். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து அந்த நகரம் நாற்பது கிலோமீட்டர். இடையில் இந்தப் பக்கம் ஜுஜுவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. மாநில எல்லை என்று எழுதிய பலகை ஒன்று. எனக்கு அது வேறொரு எல்லையாகவும் தெரிகிறது. பலகைக்கு வடக்கே வரைகிறார்கள், தெற்கே செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வரைந்து, தைவானில் வார்த்து, மலேசியாவிலும் வியட்நாமிலும் சீனாவிலும் கோத்து அனுப்பும் உலக ஏற்பாட்டின் சிறு பிரதி இந்த நாற்பது கிலோமீட்டருக்குள் மடங்கிக் கிடக்கிறது.

சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூம். உரிமையாளர் பெரிய கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, இருபது வருடம் கழித்து வெளியே வந்து இரண்டு சிஎன்சி மெஷினோடு தொழில் தொடங்கியவர். அளவு பார்க்கும் அறையில் மட்டும் ஏசி ஓடுகிறது. நடுவில் கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், கண்ணாடி போல. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து வீட்டுத் தரைக்கும் கல்லறைக்கும் கப்பல் ஏறுகிற அதே இனத்துக் கல், இங்கே சமதளம் என்றால் என்ன என்பதற்கு நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறது. இரும்பு போல அது வெப்பத்துக்குச் சட்டென்று விரியாது, துருப்பிடிக்காது, தட்டினால் பிசிர் எழும்பாது. அதன் மேல் ஒரு ஃபிக்சரை வைத்து டயல் காட்டினார். அனுமதிக்கும் வித்தியாசம் ஐந்து மைக்ரான். தலைமுடியின் கனம் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும்.

"இந்த இடத்துல ஒரு பள்ளம் குடுத்தா பார்ட் சிக்காம வரும் மேடம். வேலையும் பாதியாகும். எங்களுக்குத் தெரியும்."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"டிராயிங் அங்கேருந்து வருது மேடம். மாத்தணும்னா அவங்களும் இன்னொரு இடத்துல கேக்கணும். டிராயிங்படி போட்டுக் குடுங்கன்னு முடிச்சுடுவாங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. இருபது வருடமாகப் பழகிப்போன நடைமுறையைச் சொன்னார். ஐந்து மைக்ரானைக் கையால் உணரத் தெரிந்த ஒரு மனிதரின் யோசனை, ஜுஜுவாடியைத் தாண்டி வடக்கே போவதற்கு வழி இல்லை.

உத்தனப்பள்ளியை அடுத்த நாகமங்கலம் பக்கம் இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் வளாகம் விரிந்து கிடக்கிறது. 2020இல் டிட்கோ நிலம் ஒதுக்கியது. அங்கே ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. 2025இலிருந்து முழுப் போனையும் கோக்கத் தொடங்கிவிட்டதாகச் செய்திகள் வந்தன. வெளிக்கூடு என்பதைத் தகர டப்பா என்று நினைத்துவிடக் கூடாது. உலோகக் கட்டியைச் சிஎன்சியில் குடைந்து, மெருகேற்றி, அனோடைசிங் தொட்டிகளில் முக்கி நிறம் ஏற்றி, நகக்கண் அளவு கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் செய்யும் வேலை. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டுக்குள் போகும் சிப் தைவானில் டிஎஸ்எம்சி ஆலையில் வார்க்கப்படுகிறது. அதை வார்க்கும் ஈயுவி இயந்திரத்தை உலகில் ஒரே நிறுவனம்தான் செய்கிறது: நெதர்லாந்தின் ஃபெல்ட்ஹோவன் ஊரில் இருக்கும் ஏஎஸ்எம்எல். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் வீதம் லேசரால் அடித்து, அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் ஒளியால் கோடு கிழிக்கும் இயந்திரம். அந்த இயந்திரம் சீனாவுக்குப் போகாமல் அமெரிக்கா தடுத்து வைத்திருக்கிறது. 2022 அக்டோபர் 7 அன்று உயர்ரக சிப்புகள், அவற்றைச் செய்யும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஹுவாவே தன் மேட் 60 ப்ரோ போனில், ஈயுவி இல்லாமலே சீனாவில் வார்த்த 7 நானோமீட்டர் சிப்பை வைத்துப் பதில் சொன்னது.

இந்தச் சண்டையின் ஓரத்து அலையில்தான் நாகமங்கலத்துக்கு வேலை வந்தது. சீனாவுக்கு வெளியே இன்னொரு இடம் வேண்டும் என்று ஆப்பிள் தேடியபோது நாம் அகப்பட்டோம். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது; நாட்டிலேயே முதலிடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது 537 கோடி. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஒருவர் இன்னொருவரோடு கொண்ட பகையால் நமக்கு வந்த வேலை, அவர்கள் சமாதானமானால் என்னாகும் என்ற கேள்வியும் அந்த எண்ணோடு சேர்ந்தே வருகிறது.

சமாதானம் வரை போக வேண்டாம். சண்டை முற்றினாலே அடி இங்கேதான் விழுகிறது. 2021இல் சிப் பஞ்சத்தால் வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. பட்டியலில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் சூடேறும்போது காந்தம் தன் வலுவை இழக்காமல் காப்பவை அவை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர்; போச்சம்பள்ளியில் ஓலா. நாட்டின் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போகிறது. பெய்ஜிங்கில் ஒரு கையெழுத்து, இங்கே கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரிலேயே நெக்ஸ்பீரியா விவகாரம். சீன உரிமையில் இருந்த அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டை நெதர்லாந்து அரசு கையில் எடுக்க, சீனா தன் மண்ணிலிருந்து அதன் சிப்புகள் வெளியேறுவதைத் தடுத்தது. மிகச் சாதாரணமான, சில பைசா விலையுள்ள சிப்புகள். அவை இல்லாமல் கார் நிற்கும்.

சரி, சிப்பை நாமே வார்க்கலாமே என்றால், அதற்கான பெரிய ஆலை குஜராத்தின் தொலேராவுக்குப் போயிருக்கிறது. டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் கட்டுவது. 2024 மார்ச் 13இல் அடிக்கல். சிப்பைக் கோத்துச் சோதிக்கும் ஆலை அசாமின் ஜாகிரோட்டில். தமிழ்நாடு 2025 நிதிநிலை அறிக்கையில் 500 கோடியில் செமிகண்டக்டர் இயக்கம் அறிவித்து, சூலூரிலும் பல்லடத்திலும் பூங்காக்கள் என்றது. ஓசூருக்கு டைடல் பார்க்கும் அறிவு வழித்தடமும் சொல்லப்பட்டன. ஓசூருக்கு ஃபேப், அதாவது சிப் வார்க்கும் ஆலை, வரவில்லையே என்று இங்கே வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. காரணம் தண்ணீர்.

சிப் வார்க்கும் சிலிக்கான் தகடான வேஃபரைக் கழுவுவதற்குத் தாதுவோ நுண்ணுயிரோ துகளோ இல்லாத மிகத் தூய நீர் வேண்டும். பெரிய ஆலைக்கு நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர். 2021இல் தைவானில் ஐம்பது ஆண்டுகளில் காணாத வறட்சி வந்தபோது அந்த அரசு தன் பாசன நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குத் தண்ணீரை நிறுத்தியது. நெல் வயல்கள் தரிசாகக் கிடக்க, இழப்பீடு கொடுத்தார்கள்; சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. ஓசூருக்கு வரும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டுகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே நுரை மலைபோல எழும்பிச் சாலைக்கு வருவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வடக்கே வரைகிறவர்களின் கழிவும் தெற்கேதான் வருகிறது. அந்த நீரை நம்பி ரோஜாவும் தக்காளியும் முட்டைகோஸும் வைத்திருக்கும் விவசாயிகளிடம் இன்னும் என்ன கேட்க முடியும்?

கேட்டார்கள். ஐந்தாவது சிப்காட்டுக்காக உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்க அரசு முனைந்தபோது, 2023இல் விவசாயிகள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். முப்போகம் விளையும் பூமி என்பது அவர்கள் வாதம். வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று பேசியவர்கள், அந்த நிலத்தின் பசுமைக் குடில்களைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். சொட்டுநீர், உரக் கலவை, குளிர்பதனம், வெளிநாட்டுச் சந்தையின் காதலர் தின விலை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் விவசாயிகள் அவர்கள். அதுவும் தொழில்நுட்பம்தான்.

இனி இந்த ஆலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி. டாடா ஆலையிலும் மாவட்டத்தின் மற்ற மின்னணு ஆலைகளிலும் பெரும்பாலும் இளம்பெண்கள். அஞ்செட்டி, ராயக்கோட்டை, அரூர் பக்கமிருந்து வருகிறவர்கள். 2022 முதல் ஜார்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக்கிலிருந்து ரயிலில் வந்த பழங்குடிப் பெண்களும் உண்டு. பி ஷிப்ட் முடிந்து இரவில் கம்பெனி பஸ்கள் விடுதிகளுக்குத் திரும்பும் நேரத்தில் சாலையே அவர்களுடையது. சொந்த ஊரில் அந்த நேரத்தில் வாசலைத் தாண்டியிருக்க முடியாத பெண்கள். அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு மின்னணுக் கம்பெனியில் மூன்றாவது வருடமாக வேலை செய்கிறாள். அவளிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"என் ஸ்டேஷன்ல ஒரு பார்ட்ட வச்சு, லைட்ல ரெண்டு பக்கமும் பாக்கணும்க்கா. கோடு இருந்தா செவப்பு ட்ரே."

"கோடு ஏன் விழுதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"அது ப்ராசஸ் ஆளுங்க பாப்பாங்க. ஆனா எனக்குத் தெரியும்க்கா. நைட்டு ரெண்டு மணிக்கு மேல வர்ற லாட்லதான் அதிகமா வரும்."

மூன்று வருடம் வெளிச்சத்தில் பார்த்த கண் சேர்த்த அறிவு அது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தோ, கல்யாணம் ஆகியோ அவள் போகும்போது அதுவும் போய்விடும். டூல் ரூம்காரரின் பள்ளமும் இவளுடைய இரண்டு மணியும் ஒரே இடத்தில் நின்றுபோகின்றன. தொழில்நுட்பத் தலைமை என்று தலைநகரங்களில் பேசுகிறார்களே, அது இவை மேலே ஏறிப் போகும் படிக்கட்டைக் கட்டுவதைத் தவிர வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை. 1980களின் டைட்டன் தளத்தில் அந்தப் படிக்கட்டு இருந்தது. பிள்ளைகள் நிரந்தர வேலையில் இருந்தார்கள், வருடக்கணக்கில் தங்கினார்கள்.

தைவான் இதை எப்படிச் செய்தது என்பதை நாம் பாதிதான் படிக்கிறோம். 1976இல் அந்த நாட்டின் ஆய்வு நிறுவனமான இட்ரி, அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பியது. நியூஜெர்சியிலும் ஒஹையோவிலும் சிப் வார்க்கக் கற்றுத் திரும்பியவர்கள், மறு ஆண்டே ஒரு முன்னோடி ஆலையை ஓட்டினார்கள். அதிலிருந்து 1980இல் யுஎம்சி, 1987இல் டிஎஸ்எம்சி. நாமும் சண்டிகர் பக்கம் மொகாலியில் 1984இல் சிப் வார்க்கத் தொடங்கினோம், டிஎஸ்எம்சி பிறப்பதற்கு முன்பே. 1989 பிப்ரவரி 7இல் ஆலை தீக்கிரையானது. மீண்டும் எழுந்து நிற்க ஆண்டுகள் பல ஆயின. அதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது.

படிக்காத மறுபாதி இது. அதே ஆர்சிஏ, தைவானின் தாவ்யுவானில் 1970 முதல் 1992 வரை ஒரு மின்னணு ஆலை நடத்தியது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிய இளம்பெண்கள். பாகங்களைக் கழுவிய கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்திருந்தது 1994இல் வெளியே வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் குடித்திருந்தார்கள். பலருக்குப் புற்றுநோய். 2004இல் வழக்குப் போட்டார்கள். 2015இல் முதல் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம். அதற்குள் வழக்காடியவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள். அந்த வழக்கில் அவர்களுக்கு இருந்த பெரிய இடைஞ்சல், எந்த ரசாயனம் எவ்வளவு பயன்பட்டது, யார் எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு நின்றார்கள் என்பதற்கு முறையான பதிவுகள் கிடைக்காததுதான்.

2024 செப்டம்பர் 28 காலையில் நாகமங்கலம் ஆலையின் அனோடைசிங் பகுதி ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்துக் கரும்புகை எழுந்தபோது, பத்திரிகைகளின் வணிகப் பக்கங்கள் பண்டிகைக் கால ஐபோன் விநியோகத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதின. எனக்குத் தாவ்யுவான் ஞாபகம் வந்தது. ஒரே கம்பெனியின் பெயரால் தைவானுக்கு இரண்டும் கிடைத்தன, டிஎஸ்எம்சியும் அந்தக் கல்லறைகளும். பொறியாளர்களுக்கு ஒரு வழி, வரிசையில் நின்ற பெண்களுக்கு ஒரு வழி என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள்.

நம்மால் இன்னும் பிரிக்காமல் இருக்க முடியும். ஆலைகள் புதியவை, பெண்கள் இளையவர்கள். உடனடியாகச் செய்யக்கூடியவற்றைக் கேட்கிறேன். நாகமங்கலம், உத்தனப்பள்ளி, குருபரப்பள்ளி, சூளகிரி சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒட்டட்டும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், எந்தப் பகுதியில் எந்த ரசாயனத்தோடு எத்தனை நாள் வேலை செய்தாள் என்ற பதிவின் நகல் அவள் கையில் இருக்கட்டும். அரசு மானியம் வாங்கும் ஆலை ஒவ்வொன்றும், வரிசையில் சேர்ந்தவர்களில் இத்தனை பேரை ஐந்தாண்டுக்குள் ப்ராசஸ் பிரிவுக்கும் டூல் ரூமுக்கும் வடிவமைப்புக்கும் ஏற்றுவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கட்டும். எழுதியது நடந்ததா என்று சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கட்டும். டிட்கோ முன்பு செய்ததுபோல இங்கேயும் பங்கு கேட்கட்டும். இரவு இரண்டு மணி லாட்டில் கோடு ஏன் அதிகம் விழுகிறது என்று அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு பொறியாளர் நாளைக்கே போய்க் கேட்கலாம். அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.